நாற்காலியில் உறங்கும் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே மூச்சு வாங்குகிறது. நடக்கும்போது சமாளித்துக்கொள்கிறார், படுத்தால்தான் திணறல். இரவில் நாற்காலியில் சாய்ந்தபடியே உறங்குகிறார். எக்ஸ்ரேயில் இடது பக்க உதரவிதானம் மேலேறித் தெரிகிறது, அதற்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கலாம் என்றார்கள். ஒரு மருத்துவர் தானாகச் சரியாகிவிடும், காத்திருங்கள் என்கிறார். இன்னொருவர் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார். உறவினர் ஒருவர், மின்கருவி பொருத்தினால் உதரவிதானம் மறுபடி இயங்கும் என்று ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார். அப்பாவோ மூன்று பந்துக் கருவியை நாள் முழுவதும் ஊதுகிறார், பலூனும் ஊதுகிறார். நரம்பு திரும்புமா? பயிற்சி பலன் தருமா? யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு முன்னால் எனக்கு உறுத்துவது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி: அப்பா நாற்காலியில் உறங்குகிறார்.

மூச்சை உள்ளே இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்தின் ஒரு பாதி மட்டும் செயலிழந்தால் பொதுவாக இந்த அளவுக்குத் திணறல் வருவதில்லை. ஒரு பாதி அசையாமலே ஆண்டுக்கணக்கில் நடமாடிவிட்டு, வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரியவந்து திகைத்துப்போய் வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாடி ஏறினால் இளைக்கும், குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது மூச்சு முட்டும். பெரும்பாலும் அதோடு சரி. படுக்கவே முடியவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள் எழ வேண்டும். வலது பாதியும் பலவீனமாக இருக்கலாம். அல்லது வேறு ஏதாவது காரணம் கூடவே இருக்கலாம்: நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீர், இதயத்தின் பம்பு வேலையில் குறை, பழைய புகைப்பழக்கம் விட்டுச்சென்ற நுரையீரல் நோய், வயிற்றுப் பருமன். எனவே எந்த சிகிச்சை என்று முடிவு செய்வதற்கு முன், பாதிப்பு ஒரு பக்கம்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எக்ஸ்ரே இதில் ஏமாற்றிவிடும். ஒரு பக்கம் மட்டும் மேலேறியிருந்தால் பளிச்சென்று தெரியும். இரு பக்கமும் மேலேறியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. ‘நோயாளி ஆழமாக மூச்சு இழுக்கவில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். இழுக்கவில்லையா, இழுக்க முடியவில்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. அப்பா தாங்கும் அளவுக்கு, அரை நிமிடம் போதும், அவரை மல்லாந்து படுக்கச் சொல்லி மேல்வயிற்றில் உள்ளங்கையை லேசாக வையுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு உங்கள் கையைத் தள்ளிக்கொண்டு எழ வேண்டும். உதரவிதானம் என்பது நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் தசை. அது சுருங்கிக் கீழே இறங்கினால் குடலும் கல்லீரலும் முன்னால் தள்ளப்படும். அதனால்தான் வயிறு எழுகிறது. இழுக்கும் நேரத்தில் வயிறு உள்வாங்கினால், தளர்ந்த தசை மார்புக்குள் உறிஞ்சப்படுகிறது என்று பொருள். கழுத்துத் தசைகளையும் கவனியுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவை கயிறுபோல் புடைத்தால் அந்தத் தசைகள்தான் பாரம் சுமக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் பழுதாக இருந்தால் இது தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அதனால் வயிறு சரியாக எழுகிறது என்பதை வைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் பரிசோதனை எளியது. நுரையீரல் செயல்திறன் சோதனையை ஒருமுறை உட்கார்ந்தும் ஒருமுறை படுத்தும் எடுக்கச் சொல்லுங்கள். முழுக்க இழுத்து முழுக்க விடும் காற்றின் அளவு, நலமாக இருப்பவருக்கும் படுத்தால் சற்றுக் குறையும். 10 சதவீதத்துக்குள் இருக்கும். ஒரு பாதி பழுதானவருக்கு அதைவிடக் கூடுதலாகக் குறையும். 30 சதவீதத்தைத் தாண்டிக் குறைந்தால் இரு பக்கமும் பலவீனம் என்றே எடுத்துக்கொள்ளத் தோன்றும். படுத்து எடுக்கும் சோதனையைப் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை என்பதால் செய்வதும் இல்லை. நீங்கள் கேளுங்கள்.

இரண்டாவது, உதரவிதானத்துக்கான அல்ட்ராசவுண்ட். விலா எலும்புகளின் இடுக்கு வழியாகத் தசையை நேரடியாகவே பார்க்கலாம். இழுக்கும்போது தசை தடிக்க வேண்டும்; தடிப்பது 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால் அது வேலை செய்யவில்லை. இந்தச் சோதனையில் இன்னொரு தகவலும் கிடைக்கிறது. தடிக்காவிட்டாலும் தசையின் கனம் குறையாமல் இருந்தால் அது இன்னும் மெலிந்துபோகவில்லை. நரம்பு வந்து சேர்ந்தால் எழுந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். காகிதம்போல் மெலிந்துவிட்டிருந்தால் பழுது பழையது. ‘காத்திருங்கள்’ என்றவரும் ‘அறுத்துவிடலாம்’ என்றவரும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

இனி நரம்புக்கு வருவோம். நம்மிடையே ஒரு குழப்பம் உண்டு. புறங்கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். அது வேறு. உதரவிதானத்துக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பை மருத்துவர்கள் ஃபிரினிக் நரம்பு என்பார்கள். பக்கத்துக்கு ஒன்று. கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்து கிளம்பி, கழுத்து வழியே இறங்கி, இதயத்தைப் போர்த்தியிருக்கும் உறையின் மேல் ஒட்டியபடி உதரவிதானம்வரை நீளும் மெல்லிய நரம்பு. இதய அறுவையில் இது பழுதாவது புதிதல்ல. இதயத்தைக் குளிரவைக்க அதைச் சுற்றிப் பனிக்கட்டித் துகள் இடும்போது நரம்பு உறைந்துபோகலாம். பைபாஸுக்காக மார்பெலும்பின் உட்புறத்து இரத்தக் குழாயைப் பிரித்தெடுக்கும்போது, அருகிலேயே ஓடும் நரம்பு இழுபடலாம். இடது பக்கம் அதிகம் அடிபடுவதற்கு இவையே காரணம். யாரோ கவனக்குறைவாக இருந்தார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

அடிபட்ட நரம்பு திரும்புமா என்பது எப்படி அடிபட்டது என்பதைப் பொறுத்தது. மேலுறை மட்டும் கெட்டு, உள்ளிழை அப்படியே இருந்தால் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் விழித்துக்கொள்ளும். உள்ளிழை அறுந்து, அதைச் சுற்றிய குழல் மட்டும் மிஞ்சியிருந்தால் இழை அந்தக் குழல் வழியே மீண்டும் வளர்ந்து வர வேண்டும். அந்த வளர்ச்சி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். இதயத்தின் அருகே அடிபட்டால் மிச்சமுள்ள தூரம் 10, 15 சென்டிமீட்டர் இருக்கும். கழுத்தில் அடிபட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நரம்பு முழுக்கத் துண்டாகியிருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் வராது.

மீண்டும் வளரும் என்பதை நாம் ஒரு விசித்திரமான வழியில் ஏற்கெனவே அறிந்திருக்கிறோம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், காசநோய்க்கு மருந்து இல்லாதிருந்த காலத்தில், நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க மருத்துவர்கள் இதே நரம்பைக் கழுத்தில் வேண்டுமென்றே நசுக்கிவிடுவார்கள். உதரவிதானம் அந்தப் பக்கம் அசைவற்று மேலேறி நிற்கும். சுமார் ஆறு மாதத்தில் நரம்பு வளர்ந்து திரும்பிவிடும். ஓய்வு போதவில்லை என்றால் மறுபடியும் நசுக்குவார்கள்! இன்று நாம் ஏங்கித் தவமிருக்கும் மீட்சி அன்று சிகிச்சைக்கு இடைஞ்சலாக இருந்தது. கழுத்தில் நசுங்கிய நரம்பே அப்படி வளர்ந்ததென்றால், இதயத்தின் அருகே குளிரில் மரத்த நரம்புக்கு நம்பிக்கை வைக்க நல்ல காரணம் இருக்கிறது. இதய அறுவைக்குப் பின் வரும் இந்தப் பழுது பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் கணிசமாகச் சீராகிறது. சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். சர்க்கரை நோய் இருந்தால் மெதுவாகத்தான் திரும்பும். அப்பாவுக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும் நரம்புக்கான சிகிச்சையே.

ஆனால் காத்திருப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நரம்பிடமிருந்து கட்டளை வராத தசை சும்மா இருக்காது. மெலிந்து, கொஞ்சம் கொஞ்சமாக நார்த்துப்போகும். ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கடந்தால் நரம்பு வந்து சேர்ந்தாலும் வரவேற்க அங்கே தசை இராது. அதனால் ‘காத்திருங்கள்’ என்பது எனக்கும் சம்மதமே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே காத்திருப்பதாக இருந்தால். படுத்த நிலை அளவு, அல்ட்ராசவுண்டில் தடிமன், மூச்சை உள்ளிழுக்கும் விசை ஆகிய மூன்றும் ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் ஆகும்போது நரம்பு மின்னோட்டச் சோதனையும் ஊசியிட்டுச் செய்யும் தசைச் சோதனையும் எடுத்தால் புது இழைகள் வந்து சேர்கின்றனவா என்று தெரியும். ஏதாவது ஓர் அசைவு தெரிந்தால் நிம்மதியாகக் காத்திருக்கலாம். ஓராண்டை நெருங்கியும் எதுவுமே மாறவில்லை என்றால் அறுவை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது அப்பாவின் பந்துகளுக்கும் பலூனுக்கும் வருகிறேன். மூன்று பந்துக் கருவி ஊதுவதற்கானது அல்ல, உறிஞ்சுவதற்கானது. குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுத்தால்தான் பந்து எழ வேண்டும். தலைகீழாகப் பிடித்து ஊதிப் பந்தைத் தூக்கிப் பழகியவர்கள் நிறைய. அப்பாவின் பிடியைப் பாருங்கள். சரியாகவே செய்தாலும், அறுவைக்குப் பின் சுருங்கிய நுரையீரலை விரிப்பதற்கு அது போதுமே தவிர, தசையை வலுவாக்கும் அளவுக்கு அதில் எதிர்ப்பு இல்லை. பலூன் ஊதுவது மூச்சை வெளியே தள்ளும் வயிற்றுத் தசைகளுக்கான வேலை. உதரவிதானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதய அறுவை ஆனவர் மூச்சை அடக்கி முக்குவது எனக்குப் பிடிப்பதும் இல்லை. பலூனை விட்டுவிடச் சொல்லுங்கள்.

வேண்டியது, ஸ்பிரிங் வால்வு வைத்த உள்மூச்சுப் பயிற்சிக் கருவி. குறிப்பிட்ட விசையோடு இழுத்தால்தான் வால்வு திறந்து காற்று வரும். அந்த விசையைத் திருகி ஏற்றலாம், இறக்கலாம். முதலில் அவரால் அதிகபட்சமாக இழுக்க முடிகிற விசையை அளந்து, அதில் சுமார் 30 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். காலையில் 30 மூச்சு, மாலையில் 30 மூச்சு. ஒவ்வோர் இழுப்பும் சுறுசுறுப்பாக, விடுவது சாவகாசமாக. வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றலாம். தலை சுற்றினால் வேகம் அதிகம் என்று பொருள். நிறுத்தி இளைப்பாற வேண்டும். இதயம் ஒப்புகிறதா என்று இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மூச்சுப் பயிற்சியில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் தொடங்குங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பயிற்சி நரம்பை வளர்க்காது. கட்டளை வராத பாதி எவ்வளவு பயிற்சிக்கும் அசையாது. வலுப்பெறுவது வேலை செய்யும் பாதியும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும்தான். அதுவே மாடிப்படியில் பெரிய வித்தியாசத்தைத் தரும். நரம்பு திரும்பத் தொடங்கியதும் பழுதான பாதியும் பயிற்சியில் சேர்ந்துகொள்ளும். இரு பக்கமும் பழுது என்று தெரிந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்; ஏற்கெனவே களைத்துக் கிடக்கும் தசைகளை விரட்டக் கூடாது, முதலில் அவற்றுக்கு இரவில் ஓய்வு வேண்டும். ‘நரம்புச் சத்து மாத்திரை’ என்று தரப்படும் வைட்டமின்கள், இரத்தத்தில் அந்தச் சத்துக் குறைவு இருந்தால்தான் உதவும்.

இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பகலில் உதரவிதானம் சோம்பினால் கழுத்தும் விலாவும் ஓடிவந்து கைகொடுக்கும். கனவு காணும் உறக்கத்தில் உடல் அந்தத் தசைகளையெல்லாம் தளர்த்திவிடும். மூச்சுக்கு உதரவிதானம் ஒன்றுதான் மிஞ்சும். அதுவும் பழுது என்றால் மூச்சு ஆழமற்றுப் போகும், கரியமில வாயு உடலில் தேங்கும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், இரவில் பலமுறை திடுக்கிட்டு விழிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை இருந்தால் இரத்த வாயுப் பரிசோதனையும் இரவுநேர உறக்கப் பரிசோதனையும் உடனே தேவை. தேக்கம் இருப்பது உறுதியானால் முகமூடி வழியாக மூச்சுக்கு முட்டுக்கொடுக்கும் பைபாப் கருவி நல்ல பலன் தரும். நாற்காலியை விட்டுப் படுக்கைக்குத் திரும்பியவர்கள் இதனால் உண்டு. ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் போட்டுவிடாதீர்கள். கரியமில வாயு தேங்குபவருக்கு ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் கருவியில் எண் அழகாக இருக்கும், உள்ளே தேக்கம் ஏறிக்கொண்டே போகும். தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது.

அறுவை சிகிச்சை என்று இரண்டாம் மருத்துவர் சொன்னது எதை என்று தெளிவாகக் கேளுங்கள். ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்று, தொய்ந்த உதரவிதானத்தை மடித்துத் தைத்து இறுக்குவது. இது அசைவைத் திருப்பித் தராது. ஆனால் தொய்ந்த பாதி ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே உறிஞ்சப்பட்டு, நல்ல பாதியின் உழைப்பை வீணாக்குவதைத் தடுக்கும். நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். பலருக்கு இது நல்ல நிவாரணம். ஆனால் நரம்பு தானாகத் திரும்பக்கூடிய காலத்தில், ஐந்தாம் மாதத்தில், இதற்கு அவசரப்பட நான் காரணம் காணவில்லை. மற்றது, நரம்பையே சீராக்குவது: தழும்பில் சிக்கியிருந்தால் விடுவிப்பது, அறுந்த இடத்தில் காலிலிருந்து எடுத்த உணர்ச்சி நரம்புத் துண்டை வைத்து ஒட்டுவது, அல்லது பக்கத்து நரம்பு ஒன்றைத் திருப்பிவிடுவது. இதைச் செய்பவர்கள் மிகச் சிலர். பலன் தெரிய ஓராண்டுக்கும் மேலாகும், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. தசை நார்த்துப்போகும் முன் செய்ய வேண்டும் என்பதால்தான் அந்த ஓராண்டு எல்லையை வற்புறுத்துகிறேன்.

உறவினர் அனுப்பிய வீடியோ பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உதரவிதானத்தை மின்துடிப்பால் இயக்கும் கருவி உண்மையிலேயே இருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் சிதைந்த அமெரிக்க நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்கு 2003இல் அப்படி ஒன்று பொருத்தினார்கள். அவருக்கு அறுந்தது மூளையிலிருந்து வரும் பாதை. ஃபிரினிக் நரம்பு முழுதாக இருந்தது. அந்த நரம்பைத் தூண்டினால் தசை துள்ளும் என்பவர்களுக்கே அது பயன்படும். உங்கள் அப்பாவுக்குப் பழுது நரம்பிலேயே இருக்கிறது. கம்பி அறுந்த வீட்டில் எத்தனை சுவிட்ச் மாற்றினாலும் விளக்கு எரியாது. தேவையற்ற இடத்தில் இதைப் பொருத்தினால் தீங்கும் நேரலாம்: நரம்பணுக்கள் படிப்படியாக மடியும் ஏஎல்எஸ் நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்த பிரிட்டன் ஆய்வில், கருவி வைத்தவர்கள் வைக்காதவர்களைவிட முன்னதாகவே இறந்ததாக 2015இல் வெளியிட்டார்கள்.

அன்றாடத்துக்குச் சில. தலைப்பக்கம் உயர்த்திய கட்டில் நாற்காலியைவிட நல்லது, காலும் வீங்காது. இரவு உணவு குறைவாக, உறங்கச் செல்வதற்கு வெகுமுன்பே முடியட்டும். மலச்சிக்கல் வேண்டாம்; வயிறு உப்பினால் தளர்ந்த பாதி இன்னும் மேலேறும். எடை குறைந்தால் மூச்சுக்கு இடம் கூடும். மார்பளவு நீரில் இறங்க விடாதீர்கள். நீரின் அழுத்தம் வயிற்றை உள்ளே தள்ளி, சில நொடிகளில் மூச்சை முட்டவைக்கும். சளிக்காய்ச்சல், நிமோனியாத் தடுப்பூசிகளைப் போட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எதுவரை எண்ண முடிகிறது என்று குறித்து வையுங்கள். அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தாலும், பேச்சு வாக்கியத்தின் நடுவில் அறுந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், குழப்பமாகவோ எழுப்ப முடியாத தூக்கமாகவோ இருந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று, பலர் சொல்ல மறப்பது. அப்பாவுக்கு எப்போதாவது வலது தோளில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருத்துவரிடம் இடது உதரவிதானம் அசையவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோளை மரக்கவைக்கக் கழுத்தின் பக்கவாட்டில் போடும் ஊசி அந்தப் பக்கத்து ஃபிரினிக் நரம்பையும் சில மணி நேரம் மரக்கவைத்துவிடுவது வழக்கம். மற்றவர்களுக்கு அது தெரியாமலே கடந்துபோகும். இவருக்கு மூச்சிழுக்க ஒரு பாதியும் மிஞ்சாது. அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இதைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

படுத்து எடுத்த அளவும் அல்ட்ராசவுண்ட் அறிக்கையும் கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள். வலது பக்கம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.